மெதுவாகப் போன லாரி

அண்ணன் மேத்யூ வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே இருக்கைகள். இரண்டு கை மாறி எங்கள் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு வாசலில் அது வந்து நின்ற அன்றே அப்பா கேட்டார்: "ஏல, இதுல என்னை வேலூருக்குக் கூட்டிட்டுப் போவியா?"

"அந்த இன்னொரு சீட்டே உங்களுக்குத்தான்பா."

முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அப்பா வருஷாவருஷம் வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டு வருகிறார். இந்த முறை ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்தார். சர்ச்சில் ஒருவர் விடாமல் நிறுத்தி, "மகன் கார்லதான் போறேன்" என்று சொன்னார்.

கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காரில் கியர்பாக்ஸ் விளக்கு எரிந்தது. அந்தக் காருக்கு ஹைதராபாத்தில் டீலர் கிடையாது. பெங்களூருக்குத்தான் போக வேண்டும். உள்ளூர் மெக்கானிக் கைவைக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. ஓட்டி வரக் கூடாது என்று டீலர் சொல்லிவிட்டதால், காரை ஏற்றிப்போக லாரி வந்தது.

"அப்போ அப்பா?" என்றேன்.

"கேபின்ல டிரைவர் பக்கத்துல ஒரு சீட்டு இருக்கே. ஏத்தி விட்டுடலாமா?" என்று சிரித்தான்.

கேலி என்று அப்பாவுக்குப் புரியவில்லை. புரிந்தும் இருக்கலாம். பையை எடுத்துவர உள்ளே போய்விட்டார்.

"விளையாடாதண்ணா. நீயும் கூட வரணும்ல."

"லாரியிலயா? நக்கோ, வேணாம் ஹில்டா. கச்சிபௌலில மீட்டிங் இருக்கு. முடிச்சிட்டு ஃப்ளைட் பிடிச்சு பெங்களூர் போய், அங்கேருந்து அப்பாவை நானே வேலூர் கூட்டிட்டுப் போறேன்."

பிறகு டிரைவரிடம் ஹிந்தியில் பேச ஆரம்பித்தான். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் ஊர்ந்துதான் ஏற வேண்டும், குலுங்கவே கூடாது, ஒரு கீறல் விழுந்தாலும் விடமாட்டேன் என்று விரலை நீட்டி நீட்டிச் சொன்னான். "ஹவ் சாப், ஹவ் சாப்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் டிரைவர். காரைக் கட்டிய பட்டை பெயின்ட்டில் உரசாமலிருக்க அண்ணன் ஒரு போர்வையை மடித்து வைத்தான். அது அப்பாவின் போர்வை.

மறுநாள் பெங்களூரிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"வந்து சேந்துட்டேம்மா. கார இறக்கியாச்சு. மேத்யூ வரலையாம். ரிப்பேர் முடிஞ்ச பிறகு வந்தாப் போதும்னு டீலர் சொல்லிட்டாங்களாம். நான் பஸ்ல போயிக்கிடுதேன்."

"முதுகு எப்படிப்பா இருக்கு?"

"வலியே இல்ல, பாத்துக்கோ. மேடு வந்தாப் போதும், டிரைவர் மாட்டுவண்டி மாதிரி ஏத்துதான். ஏன் தம்பி இம்புட்டு மெதுவான்னு கேட்டேன். உங்க மகன் கண்டிஷனா சொல்லியிருக்காருங்கான்." அப்பாவின் குரல் இளகியது. "நீ என்னடான்னா எப்பவும் அவனைக் குறை சொல்லுத."

"ஆமாப்பா, சொன்னான்" என்றேன். "சொல்லும்போது நான் பக்கத்துலதான் நின்னேன்."