ஆறில்லாத நாடு

ரூபினா தன் தம்பி பிலாலோடு திருவொற்றியூருக்கு வந்தது வெறும் துணைக்குத்தான். கொருக்குப்பேட்டையில் வெல்டிங் வேலை பார்க்கும் பிலாலுக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. பாஸ்போர்ட்டைப் போன வாரமே ஏஜென்டிடம் கொடுத்துவிட்டான். இன்று ஒப்பந்தத்தில் கையெழுத்து. வியாழக்கிழமை விமானம்.

செல்போன் கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். பெஞ்சு நிறைய ஆட்கள், எல்லோரும் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். வாசலில் தடித்த ஆள் ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஏஜென்ட் ஜெனிஷ் சிரித்த முகமாய்ப் பேசினான். "நான் அஞ்சு வருசம் அங்க இருந்தவன்க்கா. சின்ன நாடு, ஆனா தோண்டுற இடமெல்லாம் எண்ணெய். தம்பிக்கு ஆத்துப் பாலத்துல வேலை. ஆத்தங்கரையிலயே ரூம். தண்ணிக்குப் பஞ்சமே இல்ல."

பிலால் பேனாவை எடுத்தான். ரூபினாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஒன்பது வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்துப்போட்டவள் அவள். அந்த நாட்டில் ஆறென்று ஒன்று கிடையாது. கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்துத்தான் குழாயில் விடுவார்கள். அரிசி களையும்போது குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தாலும் வீட்டு அம்மாள் கத்துவாள்.

நாக்குப் பிசகியிருக்கலாம் என்று நினைத்து ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். சம்பளம் ரியாலில் என்று போட்டிருந்தது. அங்கே புழங்குவது தினார்.

"வாரத்துல லீவு என்னைக்கி சார்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமதான்க்கா. ஊரே மூடிக் கெடக்கும்."

வெள்ளிக்கிழமை ஊரடங்கிக் கிடக்கும் தெருக்கள் அவள் கண்ணில் வந்துபோயின. இவன் அந்த மண்ணை மிதித்ததே இல்லை.

இப்போதே கத்தினால் மேசை இழுப்பறையைப் பூட்டிவிடுவான். பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது. வாசலில் அந்தத் தடியன். ரூபினா தம்பியின் காலைத் தன் செருப்பால் அழுத்தினாள்.

"இன்னாக்கா நீ, சைன் போடற நேரத்துல..." பிலால் எரிந்துவிழுந்தான்.

"இர்ரா. சார், பாஸ்போர்ட்ல பழைய வூட்டு அட்ரஸ் கீதுன்னு நெனைக்கிறேன். அப்பாலிக்கி எதுனா பேஜாராயிடப் போவுது. ஒருவாட்டி பாத்துட்டுக் குட்த்துடறேன்."

ஜெனிஷ் அவளையே பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவன் இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினான்.

வாங்கிய வேகத்தில் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "பிலால், எந்திரி."

"எங்கக்கா போறீங்க?" ஜெனிஷின் குரல் மாறியது. வாசலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

தம்பியை மட்டும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டால் தொல்லையில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூபினாவால் முடியவில்லை.

"அண்ணே, ஆத்துப் பாலத்துல வேலைன்னு உங்களாண்டயும் சொன்னானா? குவைத்துல ஆறே கெடயாது! நான் ஒம்போது வருசம் அங்க இருந்தவ. இவன் போட்டுக்கீற பேப்பர்லாம் டுபாக்கூரு. உங்க பாஸ்போர்ட்ட வாங்குங்க!"

"பொய் சொல்றா, வெளிய தள்ளுடா இவள!" என்று ஜெனிஷ் அலறினான். தடியன் அவள் தோளைப் பிடித்தான். பிலாலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அக்கா மேல் கை பட்டதும் பாய்ந்து அவனைச் சுவரோடு சாத்தினான். பெஞ்சில் இருந்தவர்களில் எண்ணூரிலிருந்து வந்திருந்த டென்னிஸ் என்பவர் முதலில் எழுந்தார். அவர் பின்னால் பெஞ்சே எழுந்தது. மேசை கவிழ்ந்தது, பாஸ்போர்ட்டுகள் தரையில் சிதறின. அந்தக் களேபரத்தில் ஜெனிஷ் பின்பக்கப் படியால் ஓடிப்போனான்.

பதினேழு பேரில் பதினாலு பேருக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. மூன்று அங்கே இல்லை. அதில் ஒன்று டென்னிஸினுடையது.

போலீஸ் ஸ்டேஷனில் டென்னிஸுக்கு எழுத வரவில்லை. ரூபினாவே புகாரை எழுதினாள். பிலால் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். இரண்டு வருடமாய் இந்த விமானத்துக்காகக் காத்திருந்தவன்.

"எனக்கு ஆத்தரமா வருதுக்கா. ஆரு மேலன்னுதான் தெரில" என்றான்.

"வரட்டும்டா" என்று சொல்லிவிட்டு, டென்னிஸிடம் அவருடைய அப்பா பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.