வாசல்வரை வந்த செருப்பு

சொட்டுமருந்துக்காரி ஹாரன் அண்ணனுக்குத் தரவேண்டிய பாக்கி அறுநூற்று நாற்பது ரூபாய். மகள் காய்ச்சலில் கிடந்த மாதம் அவர் ஆட்டோவில் ஏறி இறங்கிய கூலி. சந்துக்குச் சந்து ஹாரன் அடிப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஒருநாளும் அவர் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காத கடன்தான் கழுத்தில் ஏறி உட்காரும். தெருமுனையில் ஹாரன் சத்தம் வந்தாலே அவள் வேறு சந்தில் புகுந்துவிடுவாள்.

அவளுக்கு வேலை சர்க்கரை ஆஸ்பத்திரியில். சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நூறு பேரில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று மேலிடம் கேட்கும். அவள் சொட்டு விட்டு, கண்மணி விரியும்வரை பெஞ்சில் உட்காரவைத்து, படக்காரரிடம் அனுப்புவாள். சொட்டு விட்ட கையோடு பெயருக்கு நேரே டிக் போட்டுவிடுவது அங்கே வழக்கம். சொட்டு விட்டவன் மங்கிய கண்ணோடு எங்கே போய்விடப் போகிறான்?

ஹாரன் அண்ணன் போனார். அவருக்கும் சர்க்கரை; சொட்டு விட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தவர், வழக்கமான சவாரிக்கு நேரமாகிவிட்டதென்று சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கியதை அவள் பார்த்தாள். கூப்பிட வாயெடுத்தாள். பாக்கி நினைவு வந்து வாயை அடைத்தது.

சாயங்காலம் படக்காரர், பெயரைவிடப் படம் ஒன்று குறைகிறதே என்றார். இந்த வருஷம்தான் எண்ணிக்கை தேறியிருக்கிறது, நோண்டி அதைக் கரைக்காதீர்கள் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டாள்.

சில மாதங்களில் ஹாரன் சத்தம் நின்றுபோனது. முதலில் அவளுக்கு நிம்மதி. பிறகு அந்தச் சத்தமில்லாத தெருதான் அவளைத் துரத்தியது. பாத்திரம் கழுவும்போது தண்ணீருக்குள் இரண்டு கண்மணிகள் விரிந்து விரிந்து, கண் முழுக்கக் கறுப்பாகும். கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். மூன்று முறை அவர் வீட்டுவாசல்வரை போய்த் திரும்பினாள்.

நாலாம் முறை பணத்தைத் தேற்றிக்கொண்டு போனாள். தார்ப்பாய் போர்த்திய ஆட்டோவுக்குள் பூனை குட்டி போட்டிருந்தது. உச்சி வெயிலிலும் வீட்டுக்குள் விளக்கு எரிந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி. இன்னைக்காவது உள்ள வந்தியே."

அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. "எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"உன் இடது செருப்பு இழுத்து இழுத்து நடக்குது. மூணு தடவை வாசல்வரைக்கும் வந்துச்சு, அப்படியே திரும்பிப் போச்சு. காசு கேட்டுடுவேன்னு பயந்தியாக்கும்."

இடது கண்ணில் திரை விழுந்துவிட்டதாம், வலது கண்ணில் புகை மூட்டமாம். போன வருஷம் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை, அப்படியென்றால் நன்றாகத்தானே இருக்கும் என்று இருந்துவிட்டாராம்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அவர் கண்ணை யாரும் பார்க்கவில்லை, சொட்டு மட்டும்தான் விட்டது, டிக் போட்டது தான்தான் என்று சொல்லி முடித்தாள்.

அவள் குரல் வந்த பக்கம் அவர் முகத்தைத் திருப்பினார். "அப்ப நான் வந்தவங்க கணக்குல இருக்கேனா?"

"ஆமாண்ணே."

அவர் சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அப்போதே கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சொட்டு விட்டாள். பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து, படம் எடுத்து முடியும்வரை மணிக்கட்டை விடவில்லை. இடது கண் போனது போனதுதான், வலதுக்கு இந்த வாரமே லேசர் வைத்தால் இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். தலைமை நர்ஸின் கண்ணெதிரிலேயே அவள் பழைய டிக்கை அடித்து நீக்கினாள். எண்ணிக்கை குறையுமே என்று நர்ஸ் சொன்னதற்கு, குறையட்டும் என்றாள். புது டிக்கைப் படம் கையில் வந்தபிறகே போட்டாள்.

வீட்டில் கொண்டுவந்து விட்டு, பணத்தை அவர் கையில் திணித்தாள். அவர் அவள் கையைத் தடவிப் பிடித்து அதைத் திருப்பி வைத்தார்.

"போகவர நீதானே இன்னைக்கு ஆட்டோ. அந்தக் கூலிக்கு இந்தப் பாக்கி கழிஞ்சுது."

"அவ்வளவு கூலியாண்ணே?"

"சந்து திரும்பறப்ப ஹாரன்தான் அடிக்கல. போனாப் போகுது."

அறுநூற்று நாற்பதும் தீர்ந்தது. தெருமுனைவரை தன் செருப்பு இழுபடுவதை அவர் கேட்டுக்கொண்டே இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.