பதினோராம் நாள் விழுந்த வெட்டு

காலை ஏழு மணிக்கு அந்தச் சந்தையில் முதலில் கேட்பது கறிக்கடைக்காரியின் கத்திச் சத்தம்தான். கொக்கியில் தொங்கும் ஆட்டை ஒற்றை ஆளாக இறக்கிக் கட்டையில் போடுவாள். அவள் புருஷன் இடது கையால் தொடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, வெட்டு விழ வேண்டிய இடத்தை வலது கையால் திருப்பி வைப்பான். பிறகு அந்தக் கையை எடுத்துக் கட்டையின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டுவான். அந்தத் தட்டுக் கேட்டால்தான் அவள் கத்தி இறங்கும். பத்தொன்பது வருஷமாக இதுதான் முறை. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கட்டையில் ஆட்டு ரத்தத்தைத் தவிர வேறு ரத்தம் விழுந்ததில்லை.

சந்தையில் அவளுக்கு 'மலை' என்று பெயர், அவனுக்கு 'எலும்பன்'. மலைக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. கடையில் முழு ஆட்டை நிறுக்கும் எடை மேடையில் தானே ஏறி நின்று, "நூத்திப் பத்து கிலோ! யாருக்காவது வேணுமா?" என்று கூவிச் சிரிக்கிறவள் அவள். ஆனால் முட்டி வலி இருந்தது, ரத்தக் கொதிப்பும் இருந்தது. "மாசம் ரெண்டு கிலோ போதும்மா, மெதுவா குறைங்க. இல்லேன்னா முட்டியும் இதயமும் தாங்காது" என்று டாக்டரம்மா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மலையும் தலையை ஆட்டிவிட்டு, இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு வந்துவிடுவாள்.

அப்படிப்பட்டவளை ஒரே வார்த்தையில் சாய்த்துவிட்டாள் நாத்தனார். அவள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, "போட்டோ எடுக்குறப்ப நீ மட்டும் கொஞ்சம் ஓரமா நின்னுக்கோம்மா. நடுவுல நின்னா பின்னால நாலு பேரு தெரிய மாட்டாங்க" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. மலை திரும்பிப் பார்த்தாள். எலும்பனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஊர் சிரித்தால் போகட்டும், கட்டினவன் சிரித்தால் பொறுக்குமா? மறுநாளே வீட்டில் அவளுக்கு அடுப்பு அணைந்தது. காலையில் எலுமிச்சைத் தண்ணீர், மதியம் ரெண்டு வெள்ளரிக்காய், ராத்திரி மறுபடியும் தண்ணீர். செல்போனில் யாரோ ஒரு மகராசி சொல்லிக்கொடுத்த வைத்தியம். வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று கொதிப்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். மலைக்கு முதலில் பறந்தது சிரிப்பு. நான்காம் நாள் சோற்றுத் தட்டோடு எதிரே உட்கார்ந்த புருஷன் மேல் செம்பை விட்டெறிந்தாள். நெற்றி புடைத்துக்கொண்டது. எட்டாம் நாள் பக்கத்துக் கடை மீன்காரியின் கூடை வழியில் இருந்தது என்று எட்டி உதைத்தாள். மீனெல்லாம் சாக்கடையில் போய் விழுந்தன. பத்தொன்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவள் சாக்கடையில் இறங்கி ஒவ்வொரு மீனாகப் பொறுக்கினாள். யாரும் மலையைத் தடுக்கவில்லை. தடுப்பதற்குப் பதில், "அட, மலை கரையுதே! முகம் எப்படிக் களையா இருக்கு பாரு!" என்று பாராட்டினார்கள். எடை மேடை ஏழு கிலோ குறைத்துக் காட்டியது. அந்தப் பாராட்டைத் தின்றுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் காலை. கடையில் நல்ல கூட்டம். வாடிக்கையாளர் ஒருவர், "கொழுப்பை எல்லாம் எடுத்துட்டுப் போடும்மா" என்றார். மனுஷர் கறியைத்தான் சொன்னார். இவளுக்கோ கண் சிவந்தது.

"யாரைப் பாத்துடா கொழுப்புங்கற?" என்று கத்தி, ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து வீசினாள். அவர் குனிந்ததால் தலை தப்பியது. பின்னால் இருந்த கண்ணாடிப் பெட்டி சுக்கல் சுக்கலாக உடைந்தது. கூட்டம் நாலாபக்கமும் சிதறியது.

"உனக்குப் பைத்தியமாடி பிடிச்சிருக்கு? கத்தியைக் கீழ வை. போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வா" என்றான் எலும்பன்.

"நான் சாப்பிட்டா நீ சிரிப்பே. உங்கக்காவும் சிரிப்பா. பேசாம பிடிய்யா!"

"நான் எதுக்குடி சிரிக்கப் போறேன்..."

"பிடிய்யான்னு சொல்றேன்ல!"

அவன் ஆட்டுத் தொடையைப் பிடித்தான். எலும்பைத் திருப்பி வைக்க வலது கையை நீட்டினான். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை. தட்டுக்காக அவள் காத்திருக்கவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கத்தியை இறக்கினாள்.

அவன் அலறிய அலறலில் சந்தையே உறைந்தது. வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் கறித்துண்டுகளுக்கு நடுவில் கிடந்தன. ரத்தம் கட்டையிலிருந்து வழிந்து அவள் காலை நனைத்தது. "ஐயோ, என் சாமி!" என்று அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். போனவள் பாதியிலேயே சரிந்து, தலை தரையில் மோத விழுந்தாள். ஓடி வந்து அந்த விரல்களைப் பொறுக்கி உறையில் போட்டு ஐஸ்கட்டிக்குள் வைத்தவள் யார் தெரியுமா? கூடையில் உதை வாங்கினாளே, அதே மீன்காரிதான்.

ஆஸ்பத்திரியில் மோதிர விரலை ஒட்ட வைத்தார்கள். சுண்டுவிரல் எலும்போடு நசுங்கிப் போயிருந்ததால் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

மலைக்குச் சாயங்காலம்தான் தெளிந்தது. தலையில் கட்டு, கையில் குளுக்கோஸ் ஊசி. எதிர்க் கட்டிலில் எலும்பன். டாக்டரம்மா அவள் பக்கத்தில் நின்றார்.

"சர்க்கரை அடியோட இறங்கிடுச்சு, மாத்திரை இல்லாம பிரஷர் உச்சிக்குப் போயிடுச்சு. இன்னும் ரெண்டு நாள் இப்படியே இருந்திருந்தா உங்களைப் பொணமாத்தான் தூக்கிட்டு வந்திருப்பாங்க. குறைஞ்ச ஏழு கிலோவும் கொழுப்புன்னா நினைச்சீங்க? பாதிக்கு மேல தண்ணியும் சதையும்."

அந்த நேரம் பார்த்து நாத்தனார் அழுதுகொண்டே உள்ளே வந்தாள். மலை ஊசியைப் பிய்த்துக்கொண்டு எழுந்தாள். பாய்ந்து போய் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினாள்.

"ஓரமா நிக்கச் சொன்னீங்கள்ல அண்ணி? இப்ப எங்க நிக்கட்டும்? சொல்லுங்க, எங்க நிக்கட்டும்?"

நாத்தனாருக்கு விழி பிதுங்கியது. நர்ஸ்கள் இழுத்தும் பிடி தளரவில்லை.

"விடுடி அவளை!" எலும்பன் கட்டிலிலிருந்து போட்ட சத்தத்தில் அவள் கை தானாகத் தளர்ந்தது. "அவ கழுத்தை நெரிச்சா என் விரல் முளைக்குமா? அவ சொன்னா, நான் சிரிச்சேன். அது எங்க தப்பு, அதுக்கு நான் விரலைக் குடுத்தாச்சு. உன் தப்பு என்ன தெரியுமா? டாக்டரம்மா மூணு வருஷமா உன் உசுருக்காகச் சொன்னாங்க, நீ அசையல. நாங்க ஒரு போட்டோவுக்காகச் சொன்னோம், பட்டினி கிடந்தே. உன் உடம்பு என்ன, ஊரான் பாத்து மார்க் போடுற பொம்மையா? இருபது வருஷமா ஏறின எடைடி அது. இருபது நாள்ல இறக்கணும்னா வெட்டித்தான் எடுக்கணும். வெட்டியாச்சு. போதுமா?"

அவள் அவன் கட்டிலடியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையருகே மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நர்ஸ் கொண்டுவந்த ரொட்டியை அவனே இடது கையால் பிய்த்து ஊட்டினான்.

"என்னை மன்னிச்சிடும்மா. என் வாய்தான் கத்தி" என்று நாத்தனார் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். கல்யாணத்தன்று மலையைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் நடுவில் நிறுத்தியவளும் அவள்தான். பின்னால் நாலு பேர் தெரியவில்லை. அதனால் கல்யாணம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

அதற்கப்புறம் மலை மூன்று வேளையும் சாப்பிட்டாள், அளவோடு. மாத்திரையை மறக்கவில்லை. வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே வந்தாள். முதல் மாதம் பாதி வழியில் ரெண்டு தடவை உட்கார்ந்தாள், மூன்றாம் மாதம் ஒரு தடவை. எடை மேடையில் மாதம் ஒரு நாள் மட்டும் ஏறினாள். சில மாதம் ரெண்டு கிலோ குறைந்தது, சில மாதம் ஒன்று. ஒரு மாதம் முள் அசையவே இல்லை. அன்று முனகினாள், ஆனால் மதியச் சாப்பாட்டை விடவில்லை. ஆறாம் மாதம் மாடிப்படியை மூச்சு வாங்காமல் ஏறினாள்.

கை ஆறி எலும்பன் கட்டைக்குத் திரும்பிய அன்று அவளுக்குக் கத்தி தூக்கவே கை வரவில்லை. "தூக்குடி, கூட்டம் நிக்குது" என்று அவன்தான் அதட்டினான். முன்பு எடைக்கல்லுக்குத் தப்பிய அதே வாடிக்கையாளர் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு, "என்னம்மா, மறுபடியும் இளைச்சிட்டு வர்றே? இப்ப யாருக்குக் காட்ட?" என்று கேட்டார்.

மலை கோபப்படவில்லை.

"காட்டுறதுக்கு இறக்கினேன், பதினோரு நாள்ல ஒரு விரல் போச்சுங்க. இப்ப நல்லா இருக்குறதுக்கு இறக்குறேன். மெதுவாத்தான் இறங்கும், இறங்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

எலும்பன் தொடையைத் திருப்பி வைத்தான். கையை எடுத்தான். மிச்சமிருந்த விரல்களால் கட்டையின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினான். அது கேட்ட பிறகுதான் அவள் கத்தி இறங்கியது.