பட்டுச்சு என்று சொல்லாதவன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூரில் மனுசன் கறி வாங்கப் போவான், இல்லை குப்புறப் படுத்துத் தூங்குவான். இந்த எட்டுப் பேர் மட்டும் இரும்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு, பிரம்பு வாளால் ஒருத்தரை ஒருத்தர் வெளுத்துக்கொண்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் வெள்ளைக்காரர்கள் அப்படி விளையாடுவதைப் பார்த்துவிட்டு வந்து, பீம்ராவ்தான் இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்தான்.

இதில் அம்பயர் கிடையாது. அடி வாங்கியவனே வாயைத் திறந்து 'பட்டுச்சு' என்று சொல்லி உட்கார வேண்டும். எட்டுப் பேரில் கருணாகரன் மட்டும் நாலு மாதத்தில் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை.

அன்றைக்கு ஜஸீமா ஓங்கி விட்ட அடியில் பிரம்பே பிளந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையில் தோல் பை தைக்கிறவள், கையில் அவ்வளவு வலு. கருணாகரன் இடிச்ச புளி மாதிரி நின்றான்.

"பட்டுச்சா இல்லியாண்ணே?"

"படலம்மா."

பீம்ராவ் தலைக்கவசத்தைக் கழற்றி மண்ணில் எறிந்தான். "யாரை டபாய்க்கிற கருணா? எரும மேல மழ பேஞ்ச கணக்கா நின்னுகினு! பொய்யனுக்கு இங்க எடமில்ல. கெளம்பு."

"மெய்யாலுமே படல பீமு. எங்கம்மா மேல ஆணை."

ஒருத்தரும் நம்பவில்லை. சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் வாரம் ஆறு நாள் தகடு வெட்டுகிற கருணாகரனுக்கு இந்த ஒரு காலைதான் சொந்தம். அதுவும் போய், பொய்யன் என்ற பேரோடு வீட்டுக்குப் போவதா? கவசத்தை அவிழ்த்துக் கீழே போட்டான்.

"இத்தயும் எடுத்துக்கினு போ" என்று மார்பையும் விலாவையும் மூடும் தகட்டைத் தூக்கப்போன ஜஸீமா, தூக்க முடியாமல் தடுமாறினாள்.

"அல்லாவே! இன்னாண்ணே இது, கப்பல் தகடா?"

"கடையில வெட்டி மீந்த துண்டும்மா. மூணு எம்எம். கெட்டியா இருந்தா நல்லதுதானேன்னு..."

"எங்களுது ஒண்ணரதானே! உள்ள இன்னா வெச்சிருக்கே?"

"லாரி ட்யூபு, ரெண்டு மடிப்பு. அதுக்குள்ள இலவம்பஞ்சு."

தினமும் இதைவிடப் பெரிய பாரம் தூக்குகிறவனுக்கு அந்தக் கனம் ஒரு கனமாகவே தெரிந்ததில்லை. ஜஸீமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பீம்ராவைப் பார்த்தாள். "பீமுண்ணே, இத்த நீ போட்டுக்க. உன்னுத அவர் போட்டுக்கட்டும்."

பீம்ராவ் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். தேர் மாதிரி அசைந்து அசைந்து வந்து, கருணாகரனின் விலாவில் ஒன்று வைத்தான். சுரீர் என்றது. கருணாகரனுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது!

"பட்டுச்சு!" என்று கத்தினான். "பட்டுச்சுபா! நல்லாவே பட்டுச்சு!" பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி உட்கார்ந்தான்.

"நடிக்கிறான். எந்திரிடா, ஒழுங்கா சண்ட போடு!"

கருணாகரன் எழுந்தான். பீம்ராவ் பக்கவாட்டில் திரும்பிய நேரம் பார்த்து, இடுப்புக்கு மேலே முழு பலத்தோடு ஓங்கிப் போட்டான். பீம்ராவ் நிற்கவேயில்லை, வாளை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்துகொண்டே இருந்தான்.

"இன்னாடா வேடிக்க பாத்துகினு கீற? அடி!"

"அடிச்சிட்டேன் பீமு."

ஜஸீமா சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பீம்ராவ் சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். எல்லோரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

"பட்டுச்சுடா. மன்னிச்சுக்க" என்றான். சட்டப்படி, அத்தனை இரும்போடும் மண்ணில் உட்கார்ந்தான். திரும்ப எழுந்திருக்க முடியாமல், கருணாகரனிடம்தான் கையை நீட்ட வேண்டியிருந்தது.