நடுச்சுவரில் ஒரு வழி

எங்கள் குப்பத்துக்கும் காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ரோடு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அதில் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும். வழி கிடைத்தால் பேய் பிடித்த மாதிரி ஓடும். கரைக்கு வரும் மீனைக் கூடையில் தூக்கிக்கொண்டு பெண்கள் அதைக் கடந்தால்தான் எங்கள் வீடுகளில் உலை கொதிக்கும். ஈரக் கூடையை எந்த பஸ்ஸிலும் ஏற்றமாட்டான். தூக்க முடியாத கிழவிகளின் கூடைகளை என் மூன்று சக்கர வண்டியில் வைத்து நான் மிதித்துக்கொண்டு போவேன்.

அந்த ரோட்டை அகலமாக்கி நடுவில் சுவர் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். எழிலன் என்று ஒரு இன்ஜினியர் வந்தான். கோயில் வாசலில் ஊரைக் கூட்டிப் பேசினான்.

“நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்தான் முதல் இடம். புகை விடாத வண்டிக்கு இனிமே மரியாதை. உங்களைக் கேட்காம ஒரு கல்லுகூட வைக்க மாட்டோம்.”

என் மருமகள் மலர்க்கொடி எழுந்தாள். “எங்க மாமா வண்டி பொக வுடாது சார். மாமாதான் வுடும், பீடிப் பொக.”

ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சட்டைப் பையில் பேனா வைத்தவன் கும்பிட்டுப் பேசினால் எனக்கு நம்பிக்கை வராது.

“சொவுத்துல எங்க வழி வுடுவ? அத்தச் சொல்லு,” என்றேன்.

“ஜனங்க எங்க அதிகமா கடக்கிறாங்களோ அங்க. வெள்ளிக்கிழமை ஆள் வெச்சு எண்ணப் போறோம் பெரியவரே.”

வியாழக்கிழமை சாயங்காலம் ரோட்டைக் கடந்த பூமாரியை ட்ரெய்லர் லாரி அடித்துவிட்டது. மலர்க்கொடி பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் விற்றவள். கூடை ஒரு பக்கம் கிடந்தது, அவள் ஒரு பக்கம் கிடந்தாள்.

எங்கள் குப்பத்தில் சாவு விழுந்தால், பிணம் எடுக்கும் வரை ஒரு கட்டுமரமும் கடலில் இறங்காது. ஒரு கூடையும் வெளியே போகாது. பெரியாஸ்பத்திரியில் அறுத்துக் கொடுக்க மறுநாள் மத்தியானம் ஆகும் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பார்த்தால், ரோட்டோரம் குடைக்கடியில் நாற்காலி போட்டு ஒரு பெண் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள்.

மலர்க்கொடி ஓடிவந்தாள். “மாமா, யாருமே போவலன்னா வழியே வெக்க மாட்டானுங்கோ. நான் காலிக் கூடையத் தூக்கிக்கினு நாலு தபா போய்ட்டு வரேன்.”

ஊர்த் தலைவர் நாட்டார் திருமலை காதில் அது விழுந்துவிட்டது. “இன்னா பொம்பள நீ? உன் சிநேகிதி பொணம் இன்னும் வூடு வந்து சேரல. நீ கூடயத் தூக்கினா, நாளிக்கி உன் புருசன்கூட வலை இழுக்க எவன் வருவான்?”

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

நான் குடைக்கடியில் போய் நின்றேன். “இங்க ஒரு சாவும்மா. இன்னிக்கி எழுதாத, நாளிக்கி வா.”

“எனக்கு இன்னைக்கு மட்டும்தான் இங்க டூட்டி, தாத்தா.”

“அப்ப யாருமே இல்லன்னு எழுதிக்கினு போவியா?”

“கடக்கிறவங்களத்தான் எண்ணச் சொன்னாங்க. வீட்ல இருக்கிறவங்கள நான் எப்படி எண்றது?”

மத்தியானம் பிணம் வந்தது. சுடுகாடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். மேளச் சத்தத்துக்கு லாரிகள் நின்றன. குப்பத்து ஆம்பிளைகள் மொத்தமும் பாடையோடு ரோட்டைக் கடந்தோம். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றாள். பேனா மூடியிருந்தது.

“இவ்ளோ பேரு போறோமே, எழுதும்மா.”

“சாவு ஊர்வலம் கணக்குல வராது தாத்தா. தினமும் போறவங்கதான்.”

“தினமும் போனவதாம்மா படுத்துக்கினு கீறா.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பேனாவைத் திறக்கவில்லை.

சுவர் எண்ணூர்ப் பக்கமிருந்து வந்தது. கிரேனில் ஒவ்வொரு கான்கிரீட் கட்டையாக இறக்கினார்கள். காலையில் எழுந்தால் நேற்றைவிடக் கிட்டே வந்திருக்கும். எங்கள் வாசலுக்கு நேராகவும் வந்தது. நிற்காமல் தாண்டிப் போனது. வழி விட்டது வெகுதூரத்தில், பெட்ரோல் பங்க் திருப்பத்தில்.

எழிலனைப் பிடித்துக் கேட்டேன். “உங்க இடத்துல யாரும் கடக்கலயே பெரியவரே. அடுத்த தடவை எண்ணும்போது பார்க்கலாம்,” என்றான். முகத்தில் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பங்க் வரைக்கும் எதிரில் வரும் லாரிகளை ஒட்டியே வண்டியை மிதித்துப் பார்த்தேன். ஒரு லாரி உரசியதில் பின்சக்கரம் கோணிவிட்டது. வண்டி இப்போது வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. கிழவிகள் வியாபாரத்தை விட்டுவிட்டார்கள். மற்றவர்கள் சுவர் ஏறுகிறார்கள்.

நேற்று காலை மலர்க்கொடியோடு நானும் போனேன். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாள். சுவர்மேல் உட்கார்ந்து ஒரு காலை அந்தப் பக்கம் போட்டாள்.

“கூடயக் குடு மாமா.”

இரண்டு கையாலும் தூக்கினேன். மீன் தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. கூடை என் முகத்தை மறைத்துவிட்டது. அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. ஹாரன் மட்டும் கேட்டது. கிட்டத்திலா தூரத்திலா என்று பிடிபடவில்லை.

“லாரி வருது மலரு.”

“எப்பத்தான் வரல? குடு மாமா, மீனு கெட்டுப்பூடும்.”

கூடையின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.