குடியை விட்டவன்

செத்துக் கிடந்த தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கையைத் துடைக்கலாம் என்று போர்வையை விலக்கியபோதுதான் பொன்னம்மாள் அதைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து கன்றிப்போயிருந்தது. மற்ற கையையும் எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே.

"இது என்ன கோகிலா?"

சுவரோரம் குந்தியிருந்த தம்பி பெண்டாட்டி நிமிரவில்லை. பொன்னம்மாள் வந்ததிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருக்கிறாள். இவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"கயிறுங்க அண்ணி."

"கயிறுன்னு எனக்குத் தெரியாதா? ஆரு கட்டினது?"

கோகிலா வாயைத் திறப்பதற்குள் அவளுடைய அண்ணன் அர்த்தனாரி வாசற்படியில் வந்து நின்றான். "வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்தரலாமுங்க. குழி வெட்டியாச்சு."

"கூடப்பொறந்தவ வந்து மொகம் பாக்கறதுக்கு முன்னாலயே குழி வெட்டியாச்சா?"

அவன் தோள்துண்டை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவன் விலகிய இடத்தில் கதவு தெரிந்தது. கதவின் வெளிப்பக்கம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று அடித்திருந்தது. வெளியே தாழ்ப்பாள் எதற்கு? உள்ளே இருப்பவன் வெளியே வராமல் இருப்பதற்குத்தானே?

பொன்னம்மாள் இருந்த இடத்திலிருந்தே வாசலை எட்டிப் பார்த்தாள்.

சாவு வீடு என்றால் வாசல் நிறைந்திருக்க வேண்டும். ஆனால் ஊர்க்காரர்கள் எல்லாரும் எட்டத்தில், பலாமரத்தடியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தம்பி ராசப்பனைக் கொரோனாதான் கொண்டுபோய்விட்டது என்று அவர்களுக்குச் சந்தேகம். பொன்னம்மாளின் சந்தேகம் வேறு.

ராசப்பன் குடித்தான், உண்மைதான். முன்பெல்லாம் அப்படி இல்லை. அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்குகிற ஆள். மலைமேல் இந்த வாழவந்தி நாட்டு ஊர்களில் அவனுடைய வண்டிச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் ரோட்டுக்கு ஓடிவரும். முதல் ஊரடங்கில் ஒரு லோடு பலா வண்டிக்குள்ளேயே அழுகியது. அதைக் கூட்டிக் கொட்டிவிட்டு வந்து படுத்தவன்தான். ரோடு திறந்த பிறகும் சரியாக எழுந்திருக்கவில்லை. குளிப்பதில்லை, யாரிடமும் பேச்சில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடப்பான். எழுந்தால் குடிப்பதற்குத்தான் எழுந்தான். மறுபடியும் ஊரடங்கு வந்து மதுக்கடை மூடியதும் காட்டுப்பக்கம் காய்ச்சுகிற சாராயம். அதை வாங்கிவந்து கொடுத்ததே இந்த அர்த்தனாரிதான்.

"எந்திரிக்கவே புடிக்கலக்கா. நெஞ்சுக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது" என்று ஒருநாள் போனில் சொன்னான்.

"ஆம்பள பேசற பேச்சாடா இது? எல்லாம் அந்தக் கருமத்தைக் குடிக்கறதால வர்றது" என்று திட்டிவிட்டு, போனைக் கோகிலாவிடம் கொடுக்கச் சொன்னாள் பொன்னம்மாள். "இனி ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. அழுவான், கெஞ்சுவான், எரங்காத. நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா, ஊத்திக் குடுத்துக் கொல்றியே" என்று அவளையும் ஒரு பிடி பிடித்தாள். கோகிலா கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு இந்த நாலைந்து நாளாகப் போன் செய்தபோதெல்லாம் "குடிக்கறதில்லீங்க" என்றுதான் சொன்னாள். அதே மலையில் பைல் நாட்டில் தன் வீட்டிலிருந்தபடியே தம்பியைத் திருத்திவிட்டதாகப் பொன்னம்மாள் புருஷனிடம் பெருமைப்பட்டுக்கொண்டாள்.

குடித்துச் செத்தான் என்றால் நம்பலாம். குடியை விட்டவன் எப்படிச் சாவான்? புத்தி தெளிந்தவன் யார் சாராயம் காய்ச்சுகிறார்கள், யார் வாங்கி வருகிறார்கள் என்று சொல்லிவிடுவான் என்ற பயமா? இல்லை, படுத்தே கிடக்கிறவனைச் சுமந்து இவளுக்கு அலுத்துவிட்டதா?

"புள்ள எங்க?" என்று கேட்டாள்.

"எங்கண்ணன் ஊட்டுலங்க. முன்னாடியே அனுப்பிச்சுட்டேன்."

முன்னாடியே! பொன்னம்மாள் எழுந்து வாசலுக்குப் போனாள். புருஷன் சென்றாயன் பைக் பக்கத்தில் நின்றிருந்தான். "ஏனுங்க, நீங்க ஸ்டேஷனுக்குப் போயிட்டு வாங்க. எந்தம்பி தானாச் சாவல. போலீசு வந்து பாக்காம இந்த ஊட்ட உட்டுப் பொணம் நகராது" என்றாள். சத்தமாகவே சொன்னாள். அர்த்தனாரிக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மூங்கிலைக் கட்டிக்கொண்டிருந்தான். சென்றாயன் ஒரு கணம் தயங்கிவிட்டு வண்டியை எடுத்தான்.

போலீஸ் வருவதற்குமுன் நர்ஸம்மா ஜாஸ்மின் வந்தாள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து மலைக்கு மாற்றலாகி வந்தவள். கொரோனாச் சாவு என்று ஊரிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்கூட்டரை நிறுத்தி, நீல நிறக் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தவளைப் பொன்னம்மாள் விடவில்லை.

"அம்மா, மூக்குல குச்சி உடறத அப்பறம் வச்சுக்கலாம். மொதல்ல இந்தக் கையப் பாருங்க. கட்டி வச்சு என்னமோ பண்ணியிருக்காங்க."

ஜாஸ்மின் குனிந்து கையைப் பார்த்தாள். கண் இமையை விலக்கிப் பார்த்தாள். வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு ஓரத்தில் கடிபட்டுக் கிழிந்திருந்தது. பிறகு கோகிலாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"குடிப்பாரா?"

"குடிப்பாருங்க. ஒரு வருசமா பல்லு வெளக்கறதுக்கு முன்னாலயே. இப்பத்தான் நிறுத்துனாரு."

"நிறுத்தின பிறகு எப்படி இருந்தார்?"

கோகிலா முதல்முறையாக நிமிர்ந்தாள். "கை ஒதறல்ங்க. டம்ளரைப் புடிக்க முடியல. ராத்திரி தூக்கமே இல்ல. அப்பறம் செவுத்துல எறும்பு ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருந்தாரு. எறும்பே இல்லீங்க. வண்டி ஓட்டற மாதிரியே காலை மிதிப்பாரு. வளைவு வருது, வளைவு வருதுன்னு கத்துவாரு. புள்ள பயந்துக்கிச்சுன்னு அனுப்பி உட்டேன். நேத்து கதவத் தொறந்துக்கிட்டுப் பள்ளத்துப் பக்கம் ஓடுனாரு. எங்கண்ணன்தான் புடிச்சாந்து தாழ்ப்பா அடிச்சுது. உள்ள போயும் செவுத்துல தலைய மோதிக்கிட்டாரு. அதான் கட்டுனோம். அப்பறம் கைகாலு வெட்டி வெட்டி இழுப்பு வந்துருச்சுங்க. ஒண்ணு நின்னா இன்னொண்ணு."

"ஆம்புலன்ஸ்?"

"கூப்புட்டோமுங்க. இருக்கற வண்டியெல்லாம் கொரோனாக்காரங்களக் கூட்டிக்கிட்டுக் கீழ போயிருக்குது, வர நேரமாகும்னாங்க. பக்கத்துல ஆரும் வர மாட்டேன்னுட்டாங்க. எங்க வண்டி வாசல்லயே நின்னுச்சு. ஓட்டத் தெரிஞ்சவரு அவரு ஒருத்தருதான்."

கோகிலாவின் குரல் அங்கேயும் உடையவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ தீர்ந்துபோனவள் குரல் அது. பொன்னம்மாள் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் சேலை நனைந்திருந்தது.

"இது கொரோனா மாதிரி தெரியல. இருந்தாலும் சாம்பிள் எடுக்கணும்" என்றாள் ஜாஸ்மின். "இவ்வளவு குடிச்ச ஒடம்புக்கு ஒரே அடியா நிறுத்தினா இப்படித்தான் இழுப்பு வரும். ஆஸ்பத்திரியில வச்சு மருந்து குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் நிறுத்தணும். மனசு சரியில்லாம இருந்திருக்கார். அதுக்கும் வைத்தியம் இருக்கு. எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா. யாரு உங்களுக்கு ஒரே அடியா நிறுத்தச் சொன்னது?"

வெளியே மூங்கில் கட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. எரங்காத. எரங்காத என்று பொன்னம்மாள்தான் போனில் சொன்னாள்.

அர்த்தனாரி வாசற்படிக்கு வந்திருந்தான். "அது வந்துங்க நர்ஸம்மா..." என்று ஆரம்பித்தான்.

"அண்ணா, நீ போயி வேலையப் பாரு" என்றாள் கோகிலா. பிறகு நர்ஸம்மாவைப் பார்த்து, "ஆரும் சொல்லலீங்க. நானாத்தான் நிறுத்துனேன்" என்றாள். சொல்லும்போது அவள் பொன்னம்மாள் பக்கம் திரும்பவே இல்லை.

ஜாஸ்மின் அவள் தோளில் கைவைத்து, "தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றாள். பிறகு தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினாள்.

பொன்னம்மாளின் போன் அடித்தது. சென்றாயன். "ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன். ஆரு மேல சந்தேகம்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

அவள் போனைக் காதில் வைத்தபடி கோகிலாவைப் பார்த்தாள்.

"கேக்குதா? ஆரு பேரச் சொல்லட்டும்?"

"ஆரு பேரும் வேண்டாம்" என்றாள். "நீங்க வந்துருங்க."

சென்றாயன் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பாடையைத் தூக்க நாலு பேர் வேண்டும். அர்த்தனாரியும் சென்றாயனும் முன்னால் குனிந்தார்கள். பின்னால் குனிய ஆளில்லை. பலாமரத்தடியைப் பார்த்து அர்த்தனாரி ஒருமுறை கூப்பிட்டான். "கொரோனா இல்லீன்னு நர்ஸம்மா சொல்லீட்டாங்கப்பா!" அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர யாரும் அசையவில்லை.

பொன்னம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, பின்பக்கத்து மூங்கிலைத் தோளில் வாங்கினாள். பெண்கள் பாடை தூக்கி அந்த ஊர் பார்த்ததில்லை. மரத்தடியில் யாரோ ஏதோ சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை. சிறிது நேரத்தில் மற்ற மூங்கிலுக்கடியில் கோகிலா வந்து நின்றாள்.

மரவள்ளிக் காட்டைத் தாண்டி ஏற்றம். மண் சறுக்கியது. முன்னால் போகிறவர்களின் முதுகு மட்டும் தெரிந்தது.

"அண்ணி, வலிக்குதுங்களா? தோள் மாத்திக்கறீங்களா?"

"வேண்டாம் கண்ணு. நீ நட."

கோகிலா நடந்தாள். மேட்டில் அவள் நடை தளர்ந்தது. பொன்னம்மாள் முன்னால் போகிறவர்களை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, அவள் கால் எடுத்துவைப்பதைப் பார்த்துப் பார்த்து, தானும் எடுத்து வைத்தாள்.