மேலாளரின் ரோஜா நிறச் சட்டை

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால் வலி, முதுகு வலி எல்லாம் தேவலையா? எனக்கு அப்படியேதான் இருக்கிறது, அதை விடுங்கள். என் மருமகள் கதையைக் கேளுங்கள்.

அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வேலை நிரந்தரமாக இன்னும் பத்தே நாள் இருந்தது. அங்கே தண்ணீருக்கு ஏகத் திண்டாட்டம். இயந்திரம் நிறைந்தால்தான் ஓட்ட வேண்டும் என்று மேலாளர் ஓர் உத்தரவு ஒட்டினார். ஒட்டியதோடு சரி. சமையல்காரர் அங்கிக்குத் தனி ஓட்டம், வரவேற்பறைக்காரி கோட்டுக்குத் தனி ஓட்டம். ஏன் என்று கேட்டால், "மேனேஜர் சட்டை மட்டும் தனியா போகலாம், எங்களுது போகக்கூடாதா?" என்பார்கள். அதுவும் நிஜம்தான். அவருடைய இரண்டே இரண்டு வெள்ளைச் சட்டைக்காக அந்த யானை வயிற்று இயந்திரம் தினமும் தண்ணீர் குடிக்கும்.

ஒரு நாள் மருமகளுக்குப் பொறுக்கவில்லை. மேசை விரிப்புகளோடு அந்தச் சட்டைகளையும் தள்ளிவிட்டாள். நடுவில் ஒரு புதுச் சிவப்பு விரிப்பு கிடந்ததைக் கவனிக்கவில்லை. வெளியே வந்த சட்டைகள் நல்ல ரோஜா நிறம்!

"போச்சு அத்தை, என் வேலைக்கு நானே உலை வச்சுக்கிட்டேன்" என்று போனில் ஒரு மூச்சு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, சட்டைகளோடு மேலாளர் முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

"என்னம்மா இது?"

"தனியா ஓட்ட மனசு வரல சார். சிவப்பப் பாக்காதது என் தப்பு."

"நான் போட்ட உத்தரவு எனக்குக் கிடையாதான்னு கேக்குறியா?"

"நான் கேக்கல சார். சட்டைதான் கேக்குது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாளாம். அவர் சட்டைகளை வாங்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலைக் கூட்டத்துக்கு அதில் ஒன்றையே போட்டுக்கொண்டு வந்தார்!

சமையல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றார்.

"இருக்கட்டும்யா. இனிமே என் சட்டையும் கும்பலோடதான் போகும். ஆனா அம்மா, வெள்ளைய வெள்ளையோட போடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

அன்று மதியமே சமையல்காரர் தன் அங்கியைக் கொண்டுவந்து பொதுக் கூடையில் போட்டார். தினமும் ஒன்பது முறை ஓடிய இயந்திரம் இப்போது ஐந்து முறைதான் ஓடுகிறது. பத்தாம் நாள் மருமகளுக்கு வேலையும் நிரந்தரமாயிற்று. வரவேற்பறைக்காரி மட்டும் இன்னும் முறுக்கிக்கொண்டு திரிகிறாள். வழிக்கு வராமலா போவாள்?

உங்கள் வேலையிடத்தில் மேலே இருப்பவர் தானே செய்து காட்டி மாற்றியது ஏதாவது உண்டா? ஊருக்குச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் நழுவியவர் இருந்தால் அவரையும் விடாதீர்கள். எழுதுங்கள், ஆசையாகப் படிப்பேன்.